மலைக்கு தலைக்கு ஆகுற செலவு ஜாஸ்தின்னு கேக்குறாங்க, வெளிநாட்டு காசுக்கு மதிப்பு எப்படி கணக்கு போடுறது?

ஒடுகத்தூர்_தேவி:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல ஒரு சின்ன டிரஸ்ட்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், டிரஸ்ட் பேரு இங்க வேணாம். எங்களுக்கு வர்ற காசுல முக்காவாசி வெளிநாட்டு உதவி, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) அக்கவுண்ட் வழியா வரும். வேலை என்னன்னா தடுப்பூசி விட்டுப்போன குழந்தைங்கள வீடு வீடா போய் கண்டுபிடிச்சு போட வைக்கிறது, கர்ப்பிணிங்கள மாசா மாசம் பாக்குறது, ரத்தம் கம்மியா இருந்தா பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) கூட்டிட்டு போறது. ஊசி மருந்து எல்லாம் கவர்மெண்டோடது, ஊசி போடுறதும் கவர்மெண்ட் சிஸ்டர்தான். நாங்க குடுக்குறது ஆளும் ஜீப்பும்.

ரெண்டு ஏரியா. ஒண்ணு கீழ குடியாத்தம் பக்கம், பீடி சுத்துற தெருக்கள், தீப்பெட்டி வேலைக்கு போறவங்க இருக்குற இடம். இன்னொண்ணு ஒடுகத்தூர் தாண்டி மேல, மலைக் கிராமங்க.

போன வாரம் ஃபண்ட் குடுக்குறவங்க கிட்டேருந்து மெயில். "வேல்யூ ஃபார் மணி" ரிவ்யூ பண்றாங்களாம், ஒரு பயனாளிக்கு எவ்ளோ செலவுன்னு ஏரியா வாரியா போடச் சொன்னாங்க, போட்டேன். அசல் தொகை இங்க எழுத முடியாது, கணக்குக்கு வச்சுக்கோங்க கீழ ஒரு ஆளுக்கு 100 ரூபான்னா மேல 340. உடனே அடுத்த மெயில், இந்த வித்தியாசத்துக்கு காரணம் சொல்லுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் மலைய விட்டுட்டு கீழயே ரெண்டு மடங்கு பண்ணலாமேன்னு. எங்க இன்சார்ஜ் சாரும் பேசாம அப்படியே பண்ணிடலாம்னு சொல்றாரு, எக்செல்ல பாத்தா அவர் சொல்றது தப்புன்னு எனக்கும் சொல்ல தெரியல.

ஆனா நான் ஒரு தடவை ஜீப்ல மேல போயிருக்கேன். மழை பேஞ்ச மறுநாள், ஓடைல தண்ணி வந்து ஒரு மணி நேரம் நின்னுட்டோம், வேக்சின் பாக்ஸ் என் மடியிலதான் இருந்துச்சு. சிஸ்டர் பாக்ஸ தொறந்து ஒரு குப்பிய எடுத்து லேபிள்ல இருக்குற சின்ன வட்டத்தையே பாத்துட்டு இருந்தாங்க. என்னன்னு கேட்டேன். வட்டத்துக்கு நடுவுல இருக்குற சதுரம் வெளிய இருக்குற கலரை விட வெளுப்பா இருந்தா மருந்து நல்லா இருக்கு, ரெண்டும் ஒரே கலராச்சுன்னா சூடு பட்டு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்னாங்க. வெளுப்பாத்தான் இருந்துச்சு. மேல போய் சேந்தப்ப மணி மூணு, காலைல ஒன்பது மணிலேர்ந்து புள்ளைங்கள வச்சுக்கிட்டு பதினோரு பொம்பளைங்க அங்கயே உக்காந்திருந்தாங்க, ஒருத்தரும் எழுந்து போகல. அந்தப் பதினோரு பேரு என் ஷீட்ல பதினோரு நம்பர், அவ்ளோதான்.

இதுல எது சரியான கணக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். மெயிலுக்கு பத்து நாள்ல பதில் போடணும்.

ஆம்பூர்வாசி:

மேடம், நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க, கேள்வி கேக்க வேண்டியது உங்கள இல்ல. வருஷக்கணக்கா பாத்துட்டு வர்றேன், வெளிநாட்டு உதவின்னு அறிவிக்கிற தொகைல நல்ல பங்கு அவங்க ஊரு கன்சல்டன்ட்டுக்கும் கான்ட்ராக்ட் கம்பெனிக்குமே திரும்பிப் போயிடும், கீழ வந்து சேர்ற மிச்சத்துக்குத்தான் தலைக்கு எவ்ளோன்னு கேப்பாங்க. 2025 ஜனவரி 20ஆம் தேதி அமெரிக்காவுல ஒரே ஒரு உத்தரவு போட்டு மொத்த வெளிநாட்டு உதவியையும் நிறுத்தி வச்சாங்க, மார்ச்சுக்குள்ள அவங்க உதவி ஏஜென்சி யூஎஸ்எய்டு திட்டங்கள்ல 83 சதவீதம் ரத்துன்னு அறிவிச்சாங்க, ஜூலை 1 வந்தப்ப யூஎஸ்எய்டே இல்ல. ஆயிரக்கணக்கான திட்டத்தை ஆறு வாரத்துல எடை போட்டு எது மதிப்பு எது மதிப்பில்லன்னு யாரால சொல்ல முடியும்? பிரிட்டனும் உதவிக்கு ஒதுக்குறத தேச வருமானத்துல 0.7 சதவீதத்துல இருந்து 0.5, இப்ப 2027ல 0.3ன்னு இறக்கிட்டாங்க. காசை குறைக்கணும்னு முதல்ல முடிவு, அப்புறம்தான் இந்த மதிப்பு கணக்கு.

இன்னொண்ணு. இந்தியாவுல மருத்துவத்துக்கு ஆகுற மொத்த செலவுல வெளிநாட்டு உதவி 1 சதவீதம் கூட கிடையாது. நம்ம வரிப்பணமும் நம்ம ஜனங்க கைக்காசும்தான் மிச்சம் எல்லாம். மலைக்கு ரோடு போட வேண்டியது கவர்மெண்டு. 2023 மே மாசம் அல்லேரி மலைல பாம்பு கடிச்ச புள்ளைய இழந்துட்டு, ரோடு இல்லாம ஆம்புலன்ஸ் பாதில நின்னு, பெத்தவ உடம்ப கைல தூக்கிட்டு நடந்தாங்களே, நம்ம அணைக்கட்டு பக்கம்தான. அந்த ரோட்ட எந்த வெளிநாட்டுக்காரன் கிட்ட போய் கேக்குறது? உங்க ஜீப் நின்னுச்சுன்னா மலை ஜனத்துக்கு கஷ்டம்தான், ஆனா அதை அவங்க மெயிலுக்கு பயந்து யோசிக்காம நம்ம கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு கேக்கணும்ன்றது என் கருத்து.

பாகாயம்_பொண்ணு:

தேவி அக்கா, நான் எம்பிஎச் (பொது சுகாதாரம்) படிக்கிறேன், இந்த சப்ஜெக்ட் போன செமஸ்டர்ல வந்துச்சு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல, "ஒரு பயனாளிக்கு எவ்ளோ"ன்றது வேல்யூ ஃபார் மணியே இல்ல. பிரிட்டன்ல உதவிப் பணத்தை ஆராயுறதுக்குன்னே ஐசிஏஐன்னு ஒரு தனி கமிஷன் 2011ல ஆரம்பிச்சாங்க, அங்கெல்லாம் நாலு விஷயம் பாக்கணும்னு சொல்லுவாங்க. வாங்குற பொருள நியாயமான விலைக்கு வாங்குனீங்களா, அந்தப் பொருள வச்சு எவ்ளோ வேலை நடந்துச்சு, அந்த வேலையால நிஜமா யாருக்காவது உடம்பு நல்லாச்சா, எட்டாத ஜனத்துக்கு எட்டுச்சா. உங்க 100ம் 340ம் ரெண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லுது. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் உங்க ஷீட்ல ஒரு கட்டமே இல்ல.

இப்ப முக்கியமான பாயிண்ட்டு. நீங்க வரலைன்னா என்ன ஆகியிருக்கும்? இதை கேக்காம போடுற எந்தக் கணக்கும் நிக்காது. கீழ குடியாத்தத்துல புதன்கிழமையானா தடுப்பூசி நாள், சப்சென்டர் நடந்து போற தூரம், விஎச்என் (கிராம சுகாதார நர்ஸ்) சிஸ்டர் தெருவுக்கே வருவாங்க. நீங்க லிஸ்ட்ல எழுதுன புள்ளைங்கள்ல எத்தனை புள்ளைக்கு நீங்க இல்லாமலே அந்த ஊசி விழுந்திருக்கும்? சும்மா கணக்குக்கு சொல்றேன், கீழ 100 புள்ளைல 90 புள்ள எப்படியும் போட்டிருக்கும்னா உங்க காசால கூடுதலா நடந்தது 10 தான். அப்ப தலைக்கு 100 ரூபா இல்ல, 1,000 ரூபா. மேல 100 புள்ளைல 60 புள்ளைக்கு நீங்க போகாட்டி ஊசியே கிடையாதுன்னா 340ஐ 0.6ஆல வகுங்க, 567 வரும். சீப்பா தெரிஞ்ச ஏரியா காஸ்ட்லியாயிடுச்சு, காஸ்ட்லியா தெரிஞ்சது சீப்பாயிடுச்சு. 90ம் 60ம் நான் போட்டது, உங்க நம்பர் என்னன்னு நீங்கதான் பாக்கணும். தலைகீழா கூட வரலாம், வந்தா அதையும் ஒத்துக்கணும்.

பெரிய லெவல்ல இதை டேலின்னு ஒரு அளவு வச்சு பண்ணுவாங்க. சாவால இழந்த வருஷமும் ஊனத்தோட வாழ்ந்த வருஷமும் சேத்து ஒரே எண். 1993ல உலக வங்கி ரிப்போர்ட்ல வந்து பிரபலமாச்சு. ஆரம்பத்துல அதுல ஒரு விஷயம் இருந்துச்சு, நடு வயசுக்காரரோட ஒரு வருஷத்துக்கு குழந்தையோட வருஷத்தையும் கிழவியோட வருஷத்தையும் விட ஜாஸ்தி மதிப்பு, அப்புறம் பின்னாடி வர்ற வருஷத்துக்கு வருஷம் 3 சதவீதம் கழிவு வேற. நிறைய பேர் சண்டை போட்டு 2010 உலக நோய்ச்சுமை கணக்கெடுப்புல ரெண்டையும் எடுத்துட்டாங்க. நான் இதை ஏன் சொல்றேன்னா, மெஷின்ல வந்த நம்பர் மாதிரி தெரியும், ஆனா உள்ள யாரோ உக்காந்து யாரு வருஷத்துக்கு எவ்ளோ மதிப்புன்னு முடிவு பண்ணியிருப்பாங்க. உங்க எக்செல்லயும் அப்படித்தான், "பயனாளி"ன்னா யாருன்னு முடிவு பண்ணது யாரு?

ஆனா ஆம்பூர் அண்ணா சொல்ற மாதிரி கணக்கே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். காசு கம்மியா இருக்குறப்ப கணக்கு இன்னும் ஜாஸ்தி வேணும். கிவ்வெல்னு ஒரு அமைப்பு இருக்கு, கொசுவலை, வைட்டமின் ஏ மாதிரி வேலைல ஒரு உயிர காப்பாத்த ஏறத்தாழ 3,000ல இருந்து 5,500 டாலர் ஆகுதுன்னு கணக்கு போட்டு வெளிப்படையா வெளியிடுறாங்க. அதே காசை வேற எங்கயோ போட்டா ஒரு மீட்டிங் ஹாலுக்கு ஏசி வரும். பெரியம்மை ஒழிக்க 1967ல ஆரம்பிச்சு மொத்தமா சுமார் 30 கோடி டாலர்தான் ஆச்சு, அதுலயும் பெரும்பங்கு நோய் இருந்த நாடுகளே போட்டது. அதுக்கப்புறம் உலகத்துல ஒருத்தருக்கும் அந்த அம்மை இல்ல, ஊசி போடுற செலவும் நின்னுபோச்சு. அதுல போன வெளிநாட்டுக் காசும் உதவிக்காசுதான்.

அப்புறம் அக்கா, நீங்க மடில வச்சிருந்த பாக்ஸ்ல அந்த வட்டத்துக்குள்ள சதுரம், அதுக்கு பேரு விவிஎம். அதுவே யூஎஸ்எய்டு காசுல பாத்ன்ற அமைப்பு பல வருஷம் உழைச்சு கொண்டுவந்தது, 1996ல போலியோ சொட்டு மருந்து குப்பில முதல்ல ஒட்டுனாங்க. அதுக்கு முன்னாடி மருந்து சூடு பட்டிருக்குமோன்னு ஒரு சந்தேகம் வந்தாலே முழுசா கொட்டிடுவாங்க, இல்லன்னா கெட்டது தெரியாம போட்டுடுவாங்க. அதுக்கு "பயனாளி" யாருன்னு எழுதுவீங்க?

ஒடுகத்தூர்_தேவி:

ரொம்ப தேங்க்ஸ்மா. அந்த வகுத்தல் கணக்கு புரிஞ்சுது, ரெண்டு தடவை படிச்சேன். ஆனா "நாங்க வரலைன்னா என்ன ஆகியிருக்கும்"ன்றத நான் எப்படி கண்டுபிடிக்கிறது? நாங்கதான் போயிட்டோமே. போகாத ஊரு ஒண்ண வச்சு பாக்கணும்னா அதுக்கு ஸ்டடி பண்ணணும், அதுக்கு பட்ஜெட் கிடையாது.

இன்னொரு சிக்கல் சொல்லணும். 2020 எஃப்சிஆர்ஏ திருத்தத்துக்கு அப்புறம் அட்மின் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, முன்னாடி 50 இருந்துச்சு. விதில அட்மின்னு எதெல்லாம்னு ஒரு லிஸ்ட் இருக்கு, வண்டி ஓட்டுற செலவும் ரிப்பேரும் அதுலதான் வருது. மலைக்கு எங்க வேலையே ஜீப்தான். டீசல் போட்டா, கிளட்ச் மாத்துனா எல்லாம் அட்மின்ல போய் உக்காருது, ஆடிட்டர் பாக்குறப்ப நாங்க ஆபீஸ் செலவுக்கு ஜாஸ்தி காசு எடுத்த மாதிரி தெரியுது. கீழ சிஸ்டரும் எங்க ஆளும் நடந்தே போயிடுவாங்க, அங்க அட்மின் சுத்தமா இருக்கும்.

ஓய்வு_குடியாத்தம்:

அம்மா தேவி, நான் ரிட்டயர்டு ஆளு, தொழுநோய் டிபார்ட்மெண்ட்ல பாராமெடிக்கல் ஒர்க்கரா இருந்தவன். ஜில்லா வட ஆற்காடா இருந்தப்ப சேந்தேன், அப்பால 89ல ரெண்டாச்சு, வேலூராச்சு, இப்ப 2019ல மூணாவும் பிரிச்சிட்டாங்க. நீ கேக்குறதுக்கு எனக்கு இங்கிலீஷ் கணக்கு தெரியாது, நான் பாத்தத சொல்றேன்.

எங்களுக்கும் வெளிநாட்டு காசு வந்துக்கினுதான் இருந்துச்சு. டென்மார்க்ல இருந்து டானிடா உதவி. 95லேர்ந்து மாத்திரை ஜப்பான் நிப்பான் ஃபவுண்டேஷன் காசு, 2000லேர்ந்து நோவார்டிஸ் கம்பெனி இலவசமா குடுத்துச்சு. மாசத்துல ஒரு நாளு நம்ம கண்ணெதிர்ல முழுங்கணும், ரிஃபாம்பிசின். முழுங்குன அன்னிக்கு மூத்திரம் செவப்பா போவும், பயந்துக்கினு ரத்தம் போவுதுன்னு ஓடியாருவாங்க, ஒண்ணும் இல்ல மாத்திரை கலருப்பான்னு சொல்லி உக்கார வைப்போம். இன்னொரு மாத்திரை தின்னா தோலு கறுத்துக்கும், அதுக்கு வயசுப் பொண்ணுங்க மாத்திரைய முந்தானைல முடிஞ்சு வச்சுக்கினு முழுங்க மாட்டாங்க. அவங்க கிட்ட உக்காந்து பேசணும், ஒரு மணி நேரம் ஆவும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ரெஜிஸ்டர்ல இடம் கெடையாது.

இப்ப நீ சொன்னியே தலைக்கு எவ்ளோன்னு. எங்களுக்கு ஒரு புது கேஸ் கண்டுபிடிக்க எவ்ளோ ஆவுதுன்னு கேப்பாங்க. ஆரம்பத்துல ஒரு ஊருக்கு போனா பத்து கேஸு, தலைக்கு செலவு கம்மி, எல்லாருக்கும் சந்தோஷம். வேலைய நல்லா செஞ்சோம், நோய் கொறஞ்சுது. அப்ப இன்னா ஆவும்? பத்து ஊரு சுத்துனாத்தான் ஒரு கேஸ் கெடைக்கும், தலைக்கு செலவு ஏறிக்கினே போவும். பேப்பர்ல பாக்குறவனுக்கு இவனுங்க ஜாஸ்தி செலவு பண்றானுங்கன்னு தெரியும். நாங்க ஜெயிச்சது அவங்க கணக்குல தோத்த மாதிரி வந்துச்சு. 2005 டிசம்பர்ல பத்தாயிரத்துக்கு ஒண்ணுக்கு கீழ வந்துட்டுது, இந்தியாவுல ஒழிஞ்சுதுன்னாங்க. எங்கள பொது சுகாதாரத்துல சேத்துட்டாங்க, வீடு வீடா போற சர்வே நின்னுச்சு. இன்னிக்கும் உலகத்துல வர்ற புது கேஸ்ல பாதிக்கு மேல இந்தியாவுலதான்.

இன்னொண்ணு கேளு. மாத்திரை கோர்ஸ் முடிஞ்சா ஆர்எஃப்டின்னு (சிகிச்சை முடிஞ்சுதுன்னு) எழுதி பேர அடிச்சிடுவோம், அவரு கணக்குல நோயாளி இல்ல. ஆனா கால்ல உணர்ச்சி செத்துப் பூட்டிருக்கும். பேரணாம்பட்டு பக்கம் ஒரு பெரியவரு, ஆடு மேய்க்கிறவரு, செருப்புல ஆணி ஏறி உள்ள பூந்து நாலு நாளு நடந்திருக்காரு, தெரியல. சாயங்காலம் செருப்ப கழட்டுறப்ப ரத்தத்தப் பாத்துதான் தெரிஞ்சிருக்குது. வேலூர்ல டாக்டர் பால் பிராண்டு அந்தக் காலத்துலயே சொன்னாரே, வெரலு தானா அழுகி உழுறது இல்ல, வலி தெரியாததால அடிபட்டு அடிபட்டு போவுதுன்னு, அது இதுதான். அந்தப் பெரியவருக்கு எம்சிஆர் செருப்பு வாங்கிக் குடுத்தோம், மெத்து மெத்துன்னு கறுப்பு ரப்பரு வச்சது, ஆணி அடிக்காம ஒட்டித் தைக்கிறது, கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரில செய்வாங்க. அப்பால புண்ணு ஆறிச்சு. கடைசி வரிக்கும் காலு இருந்துச்சு, ஆடு மேய்ச்சாரு. செருப்புக்கு ஆன காசு ஒண்ணும் பெரிய காசு இல்ல. ஆனா எந்த ரிப்போர்ட்லயும் அவரு பயனாளி இல்ல, ஏன்னா அவரு பேருதான் ஏற்கனவே அடிச்சாச்சே.

வண்டி செலவு அட்மின்னு சொன்னியே, 1909ல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா பியூஜோ கார் ஒண்ண வச்சுக்கினு எங்க குடியாத்தம் ரோட்டுலதான் வாரா வாரம் வருவாங்களாம், மரத்தடில மரத்தடில நிறுத்தி வைத்தியம் பாப்பாங்கன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. வண்டிதாம்மா ஆஸ்பத்திரி. அத அப்படியே எழுது.

நீ கேட்ட கேள்விக்கு ஒரு வழி சொல்றேன். புள்ளைங்களோட தாய் சேய் அட்டைய எடு. ஒவ்வொரு ஊசிக்கும் தேதி இருக்கும். உங்க ஆளு அந்த வீட்டுக்கு மொத மொத போன தேதி உங்க நோட்டுல இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை. நீங்க போறதுக்கு முன்னாடியே ஊசி எல்லாம் தேதிக்கு விழுந்திருந்தா நீங்க இல்லாட்டியும் நடந்திருக்கும். ஸ்டடி கீடி ஒண்ணும் வேணாம்.

திமிரிக்காரன்:

தாத்தா சொன்ன அட்டை ஐடியா அருமை.

நான் ஒண்ணு சேத்துக்குறேன். 2017ல இருந்து எங்க திமிரிலயும் ஜவ்வாது மலைலயும் டிவோர்ம்3ன்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, கேட்ஸ் ஃபவுண்டேஷன் காசு, சிஎம்சி நடத்துனாங்க, இதே ஆய்வு ஆப்பிரிக்காவுல பெனின்லயும் மலாவிலயும். ஸ்கூல் புள்ளைங்களுக்கு மட்டும் பூச்சி மாத்திரை குடுத்தா போதுமா, இல்ல ஒரு வயசு குழந்தைலேர்ந்து கிழவி வரைக்கும் ஊரு மொத்தத்துக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை குடுத்தா கொக்கிப்புழு பரவுறதே நின்னுடுமான்னு பாக்க. எங்க பாட்டி எனக்கெதுக்குடா பூச்சி மாத்திரைன்னு கதவ சாத்திட்டாங்க, மாத்திரை குடுக்க வந்த பொண்ணு மூணு தடவை வந்துச்சு, மூணாவது தடவை திண்ணைல உக்காந்து மோர் குடிச்சுட்டு பாட்டி மாத்திரைய மென்னு முழுங்குற வரைக்கும் இருந்து நோட்ல எழுதிட்டு போச்சு. அல்பெண்டசோல் மாத்திரை விலை ஒண்ணுமே இல்ல. செலவு பூரா அந்தப் பொண்ணோட மூணு நடைதான்.

இதுல நான் சொல்ல வர்றது, சீப்பா இருக்குறதெல்லாம் மதிப்பும் இல்ல. பூச்சி மாத்திரை ரொம்ப நாள் உலகத்துலயே மலிவான நல்ல காரியம்னு பேரு வாங்குச்சு. கென்யாவுல 75 ஸ்கூல்ல நடந்த ஆய்வுல புள்ளைங்க ஸ்கூலுக்கு வராம நிக்கிறது குறைஞ்சுதுன்னு வந்துச்சு, அதை பண்ணவங்கள்ல ஒருத்தருக்கு 2019ல நோபலே கிடைச்சுது. 2015ல எல்லா ஆய்வையும் சேத்து பாத்த காக்ரேன் ரிவ்யூ, ஊருக்கே மொத்தமா மாத்திரை குடுக்குறதால எடை, ரத்தம், படிப்புல பெருசா மாற்றம் இல்லன்னு சொல்லிடுச்சு. உபில 10 லட்சம் குழந்தைங்கள வச்சு பண்ண ஆய்வுலயும் பலன் கொஞ்சம்தான். 2022ல கிவ்வெல்லும் முதல் வரிசைலேர்ந்து எடுத்துட்டாங்க. புழு உள்ள புள்ளைக்கு மாத்திரை நல்லதுதான், அதுல சண்டை இல்ல. ஊருக்கே குடுத்தா காசுக்கு எவ்ளோ மதிப்புன்றதுலதான் சண்டை. மாத்திரை எண்ணிக்கைய பாத்து யாரும் இதை சொல்லியிருக்க முடியாது.

அதனால ஆய்வுக்கு போற உதவிக் காசை நான் குறைவா நினைக்க மாட்டேன். 1956லேர்ந்து 59 வரைக்கும் மெட்ராஸ்ல டிபிக்கு நடந்த ஆய்வு எனக்கு எப்பவும் ஞாபகம் வரும், ஐசிஎம்ஆர், மெட்ராஸ் சர்க்கார், டபிள்யூஎச்ஓ, பிரிட்டன் எம்ஆர்சி எல்லாம் சேந்து பண்ணது. சானடோரியத்துல ஒரு வருஷம் படுக்க வச்சு நல்ல சாப்பாடு போட்டு மருந்து குடுத்தவங்களும், குடிசைலயே இருந்து அதே மருந்து சாப்ட்டவங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானாங்க, வீட்ல இருக்குறவங்களுக்கு ஒட்டுறதும் ஜாஸ்தி ஆகல. உலகம் பூரா டிபி ஆஸ்பத்திரி கட்டுற செலவு அதுக்கப்புறம் குறைய ஆரம்பிச்சுது. இந்த மாதிரி ஒண்ணுக்கு தலைக்கு எவ்ளோன்னு வகுத்தா கீழ எந்த எண்ணைப் போடுறது?

ஆம்பூர்வாசி:

திமிரி நண்பர் சொல்றத ஏத்துக்குறேன், ஆய்வு வேற. ரோட்டா வைரஸ் தடுப்பூசி நம்ம நாட்டுலயே வந்துச்சே ரோட்டாவாக், அதோட பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் மூணு ஊருல நடந்துச்சு, நம்ம வேலூர் புள்ளைங்க கைல பிறந்த ஊசி மாதிரி, ஊசின்னு சொல்லக்கூடாது, வாயில ஊத்துற சொட்டு மருந்து. வெளிநாட்டு காசும் நம்ம சர்க்கார் காசும் சேந்துதான். ஒரு டோஸ் ஒரு டாலருக்கு தர்றோம்னு கம்பெனி ஒத்துக்கிட்டாங்க, 2016ல அரசு திட்டத்துல வந்துச்சு. அதுல எனக்கு குறையே இல்ல.

ஆனா தேவி மேடம், ஒரு கேள்வி, கோச்சுக்காதீங்க. மலையில இருக்குறவங்க பாவம்னு எல்லாருக்கும் தோணுது, எனக்கும்தான். ஆனா கீழ பீடி சுத்துற வீட்டு புள்ளையும் புள்ளதான. மலைக்கு போற 340 ரூபால கீழ மூணு புள்ளைய பாக்கலாம்ன்றது பொய் இல்லையே. அந்த மூணு புள்ளைங்க அம்மா கிட்ட என்ன சொல்லுவீங்க?

ஒடுகத்தூர்_தேவி:

நேத்து ராத்திரி வரைக்கும் ஆம்பூர் சார் கேட்டத நானே எனக்கு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். தாத்தா சொன்ன மாதிரி பண்ணிட்டேன். நாலு நாள் ஆச்சு. எங்க ஆளுங்க தாய் சேய் அட்டைய போட்டோ எடுத்து வச்சிருந்தாங்க, இல்லாதவங்களுக்கு போன் பண்ணி கேட்டோம்.

கீழ நாங்க லிஸ்ட்ல எழுதுன புள்ளைங்கள்ல பாதிக்கு மேல, நாங்க போறதுக்கு முன்னாடியே எல்லா ஊசியும் தேதிக்கு தேதி புதன்கிழமைல விழுந்திருக்கு. நாங்க போனதுக்கப்புறமும் அதே புதன்கிழமை. நாங்க அந்த வீட்டுக்கு போய் பேர் எழுதிட்டு வந்ததுதான் மிச்சம். மேல அப்படி இல்ல, பிறந்தப்ப ஆஸ்பத்திரில போட்ட ஊசியோட நிறைய அட்டை காலியா இருந்துச்சு, அடுத்த தேதி எங்க ஜீப் போன நாள்தான்.

ஆனா கீழயும் ஒரு இடத்துல அட்டை காலி. இதை நான் எதிர்பாக்கல. செங்கல் சூளை. வெளியூர்லேர்ந்து வந்து சூளைலயே குடிசை போட்டு ஆறு ஏழு மாசம் இருந்துட்டு போறவங்க. அவங்க பேரு இந்த ஊர் சப்சென்டர் லிஸ்ட்லயும் இல்ல, சொந்த ஊர் லிஸ்ட்ல இருந்தும் ஆள் அங்க இல்ல. எங்க ஆளும் தெரு லிஸ்ட்ட வச்சுக்கிட்டு போறதால சூளைக்கு ரெண்டே தடவைதான் போயிருக்காரு. அந்த ரெண்டு நாள்ல போட்ட ஊசி எல்லாமே, நாங்க போகலைன்னா விழுந்திருக்காத ஊசி. அதுக்கு ஆன செலவு ஒரு ஷேர் ஆட்டோ காசு.

அதனால சார், உங்க கேள்விக்கு என் பதில், கீழ இருக்குற அந்த மூணு புள்ளைல ரெண்டு புள்ளைக்கு நாங்க எதுவும் குடுக்கவே இல்ல, மூணாவது சூளைல இருக்கு, அதை நாங்க பாக்கவே இல்ல. மலைய விட்டுட்டு தெருவுல ரெண்டு மடங்கு பண்ணா ரெண்டு மடங்கு பேர் எழுதுவோம், அவ்ளோதான் நடக்கும்.

இன்சார்ஜ் சார் கிட்ட ஷீட்ட காட்டுனேன். கொஞ்ச நேரம் பேசாம பாத்தாரு, அப்புறம் தெரு வேலைய சிஸ்டர் கிட்டயே விட்டுட்டு அந்த ஆள சூளைக்கு மாத்திடலாமான்னு அவரே கேட்டாரு. மெயில்ல ரெண்டு கணக்கையும் வைக்கிறோம், அவங்க கேட்டதும், அட்டை பாத்து போட்டதும். ஜீப் செலவுக்கு தனியா ஒரு பக்கம், எந்த நாள் எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், அன்னிக்கு எத்தனை ஊசின்னு லாக் புக்ல இருந்தே எடுத்து போட்டிருக்கேன். சட்டப்படி அது அட்மின்லதான் இருக்கும், ஆனா படிக்கிறவங்களுக்கு அது என்ன வேலைன்னு தெரியட்டும்.

பாகாயம்_பொண்ணு:

அக்கா சூப்பர். ஒரே ஒரு விஷயம், சில அட்டைல தேதி அப்புறமா ஞாபகத்துல இருந்து எழுதியிருப்பாங்க, போன்ல கேட்டதும் அப்படித்தான். அதனால பிஎச்சில இருக்குற ரெஜிஸ்டரோட கொஞ்சம் அட்டைய மட்டும் ஒத்துப் பாருங்க, ஒரு இருபது போதும். ஒத்துப் பாத்தோம்னு மெயில்ல ஒரு வரி போட்டா அவங்க மறு கேள்வி கேக்க மாட்டாங்க.

ஓய்வு_குடியாத்தம்:

அந்தப் பொண்ணு சொல்றது கரெக்டு. ரெஜிஸ்டர் பாக்க போறப்ப விஎச்என் சிஸ்டர மொதல்ல கேட்டுக்கினு போம்மா, தப்பு கண்டுபிடிக்க வந்தாங்கன்னு நெனச்சுக்கப் போறாங்க. சூளைக்கு காலைல போவாதீங்க, காலைல எல்லாரும் கல்லு அறுத்துக்கினு இருப்பாங்க, புள்ளைய தூக்கிக்கினு வர முடியாது. சிஸ்டர் கிட்ட பேசி சாயங்காலம் நாலு மணிக்கு மேல வர முடியுமான்னு கேளுங்க. மேஸ்திரி கிட்டயும் மொதநாளே சொல்லி வைங்க.

ஒடுகத்தூர்_தேவி:

சரிங்க தாத்தா. சிஸ்டர் கிட்ட பேசிட்டேன், வர்றேன்னாங்க. மேஸ்திரி நம்பர் வாங்கிட்டேன். வியாழக்கிழமை ஜீப் மேல போகுது, நானும் போறேன். சூளைக்கு சனிக்கிழமை நாலு மணி.